வகுப்பறையில் பொதுக் கோப்பு

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



விதை, உரம், வாய்க்கால், சாலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே இத்தகைய முகாம்களில் நாம் கூடுவது வழக்கம். இன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும், அங்கு வந்து சேர்ந்திருக்கும் ஒரு புதிய சாதனத்தைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகின்றோம். இணையத்தின் வழியே ஒரே கோப்பைப் பலர் பகிர்ந்துகொண்டு, பலரும் சேர்ந்து எழுதும் முறையே அச்சாதனமாகும்.

“இஃது ஆசிரியர்களுக்கு உரிய பொருள் அன்றோ? எங்களிடம் கூறுவானேன்?” என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பள்ளியின் பெயர்ப் பலகையை நோக்கினாலே இதற்கு விடை கிடைக்கும். “ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி”, “ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி” என்றே அங்கு எழுதப்பட்டுள்ளது. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளுக்குரிய பொறுப்புகளின் பட்டியலில் தொடக்கக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் சேர்த்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1958-ஆம் ஆண்டு தொடங்கி நம் மாநிலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. கிராம மக்கள் நிலம் தந்தனர். கூரை வேய்ந்து தந்தனர். பெஞ்சும் கரும்பலகையும் வாங்கித் தந்தனர். அந்நாளில் பள்ளிக்கு வேண்டியது கரும்பலகை. இந்நாளில் பலரும் ஒருசேர எழுதத்தக்க வேறொரு பலகை வந்துள்ளது. அதனைப் பேணும் பொறுப்பும் ஊராருடையதே.

பொதுக் கோப்பு என்பது யாது?

கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டை நீங்கள் அறிவீர்கள். சங்கத்திற்குப் பேரேடு ஒன்றே. ஐந்து எழுத்தர்கள் ஐந்து படிகளை வைத்துக்கொண்டு தனித்தனியே வரவு எழுதினால், மாத முடிவில் எந்தக் கணக்கு சரியென்று எவராலும் கூற இயலாது. கணினியிலும் இதே குழப்பம் நேர்ந்து வந்தது. ஒரு மாணவன் எழுதிய கட்டுரையை மற்றவனுக்கு அனுப்புவான். அவன் திருத்தித் திருப்பி அனுப்புவான். மூன்றாமவன் பழைய படியையே திருத்திக்கொண்டிருப்பான். முடிவில் ஐந்து படிகள் இருக்கும். முழுமையானது ஒன்றும் இராது.

பொதுக் கோப்பு முறையில் படி ஒன்றே. அது பள்ளிக்கு வெளியே உள்ள ஒரு பெரிய கணினியில் இருக்கும். அனுமதி பெற்றவர்கள் தத்தம் கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ அதனைத் திறந்து ஒரே வேளையில் எழுதலாம். ஒருவர் எழுதுவது மற்றவர் கண்முன் அக்கணமே தோன்றும். எவருடைய கணக்கிலிருந்து எந்த நேரத்தில் எது மாற்றப்பட்டது என்பதும் தானே பதிவாகிவிடும். தவறுதலாக அழிக்கப்பட்டதை முந்தைய நிலைக்குக் கொண்டுவரவும் இயலும்.

இவ்வகைச் சாதனங்களுள் பலரும் அறிந்தது கூகுள் டாக்ஸ். அது 2006-ஆம் ஆண்டில் வந்தது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் கூகுள் டிரைவ் 2012-லும், ஆசிரியர் பாடம் கொடுத்துத் திருத்துவதற்குரிய கூகுள் கிளாஸ்ரூம் 2014-லும் வந்தன. தனியார் நிறுவனத்தைச் சாராதிருக்க விரும்பும் பள்ளிகளுக்கு மூடில், ஈதர்பேட், நெக்ஸ்ட்கிளவுட் முதலிய கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. இவற்றைப் பள்ளியின் கணினி ஒன்றிலேயே நிறுவிக்கொள்ளலாம். அவ்வாறு செய்தால் வெளி இணைப்பு அறுந்த நாளிலும் அறைக்குள் உள்ள கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். இவை அனைத்திலும் தமிழிலேயே எழுதலாம்.

குழந்தைகள் இதனால் கற்பது என்ன?

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஏழாம் வகுப்பு மாணவர்கள் தம் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மழையளவையும் கணக்கெடுப்பதாக வைத்துக்கொள்வோம். வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, தெருவுக்கு ஒரு குழுவென்று ஆசிரியர் அமைக்கிறார். ஒவ்வொரு குழுவும் மாதம் இரு முறை, குறித்த நாளில், தன் பங்குக் கிணறுகளில் தரை மட்டத்திலிருந்து நீர் மட்டம் வரை எத்தனை மீட்டர் என்று அளந்து வருகிறது. கிணற்றருகே வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். கயிற்றை அவரே இறக்க வேண்டும். குழந்தைகள் அளவைக் குறித்துக்கொண்டால் போதும். பள்ளி முற்றத்தில் மழைமானி ஒன்று வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழையளவை எழுதுகின்றனர். வானிலை ஆய்வுத் துறையும் அந்நேரத்தையே கணக்காகக் கொள்கிறது.

இவ்வளவுகள் யாவும் ஒரே பொது அட்டவணையில் பதிவாகின்றன. அதே ஏரியின் கீழ்மடையில் உள்ள அடுத்த ஊர்ப் பள்ளியும் தன் அளவுகளை அவ்வட்டவணையிலேயே எழுதினால், ஏரி நிரம்பிய எத்தனை நாட்களில் எவ்வூர்க் கிணறு ஊறுகிறது என்பது கண்ணெதிரே விளங்கும். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால் ஏறத்தாழ 4,047 லிட்டர் நீராகும். இக்கணக்கைத் தன் தந்தையின் இரண்டு ஏக்கருக்குப் போட்டுப் பார்க்கும் சிறுவனுக்கு அளவியலை எவரும் தனியே போதிக்க வேண்டியதில்லை. கணக்கு, அறிவியல், புவியியல் ஆகிய மூன்றும் ஒன்றுபடுகின்றன. முடிவில் ஐந்து குழுக்களும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதும்போது தமிழும் அவற்றோடு சேருகிறது.

உழவர்களாகிய உங்களுக்கும் இதில் பயனுண்டு. மார்ச் 22-ஆம் நாள், உலகத் தண்ணீர் தினத்தன்று நடைபெறும் கிராம சபையில் அக்குழந்தைகளே தம் அட்டவணையைப் படித்துக் காட்டலாம். எந்தத் தெருவில் நீர் வேகமாக இறங்குகிறது, எங்குக் குளத்தைத் தூர் வாரினால் நன்மை விளையும் என்று பேசுவதற்கு அது நல்ல ஆதாரமாகும்.

இத்தகைய கூட்டுமுயற்சி கிராமப் பள்ளிகளால் இயலுமா என்று ஐயுறுவோர் அண்டை மாநிலமாகிய கேரளத்தைக் காணலாம். அங்கு 2009-ஆம் ஆண்டு “ஸ்கூல் விக்கி” தொடங்கப்பட்டது. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளைக் கொண்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்கம் அமைத்தனர். பள்ளியின் வரலாறும் ஊரின் செய்திகளும் மலையாளத்திலேயே அதில் எழுதப்பட்டு வருகின்றன. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது மாணவர்கள் எழுதிய கதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும் அதில் இடம்பெற்றன. கருவியின் விலை அங்குப் பெரிதாக இல்லை; ஆசிரியர்களுக்கு அளித்த பயிற்சியும் இடையறாத நடைமுறையுமே அம்முயற்சியை நிலைநிறுத்தின.

எவர் வீட்டில் கைப்பேசி இல்லை?

இனி நாம் முதன்மையாகக் கூற விழையும் செய்திக்கு வருகின்றோம். பொதுக் கோப்பு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது பொதுவாகிவிடாது. ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் நிறைந்திருப்பினும், கயிறும் குடமும் இல்லாத வீட்டார் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பொதுக் கோப்பும் அத்தகையதே.

இந்தியக் கிராமங்களில் கல்வி நிலையை ஆராயும் ‘ஏசர்’ ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்துள்ள குழந்தைகளுள் ஸ்மார்ட்போன் உள்ள வீடுகளைச் சேர்ந்தோர் 2018-இல் நூற்றுக்கு 36.5 பேர், 2020-இல் 61.8 பேர். இரண்டே ஆண்டுகளில் இது பெரும் வளர்ச்சியே. எனினும் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டுக் கைப்பேசியே வகுப்பறையாக மாறிய வேளையில், நூற்றுக்கு ஏறத்தாழ 38 குழந்தைகளின் வீட்டில் அக்கருவி இல்லை என்பதையும் அதே கணக்குக் காட்டுகிறது. கைப்பேசி உள்ள வீட்டிலும் அது தந்தையுடன் வயலுக்கோ வேலைக்கோ சென்றுவிடும். அண்ணனும் தங்கையும் இருந்தால் அண்ணன் கைக்கே அது முதலில் போகும். அவ்விடைவெளியை ஈடுசெய்வதற்காகவே நம் அரசு 2021 அக்டோபரில் “இல்லம் தேடிக் கல்வி” திட்டத்தைத் தொடங்கியது.

அதற்குப் பின் கைப்பேசிகள் பெருகியுள்ளன. ஆயினும் கருவி கையில் இருப்பது வேறு, கல்விக்குப் பயன்படுவது வேறு. 2024-ஆம் ஆண்டின் ‘ஏசர்’ ஆய்வில், 14 முதல் 16 வயது வரையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளுள் ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்தவர்களிடம் முந்தைய வாரத்தைப் பற்றி வினவினர். நூற்றுக்கு 57 பேர் கல்விக்காக உபயோகித்ததாகவும், 76 பேர் சமூக ஊடகங்களுக்காக உபயோகித்ததாகவும் தெரியவந்தது.

ஆகவே நம் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு நாம் வற்புறுத்திக் கூறும் விதி ஒன்று உண்டு. பொதுக் கோப்பில் எழுதும் வேலை பள்ளி நேரத்தில், பள்ளிக் கட்டடத்தில், பள்ளிக் கணினியில் நடைபெற வேண்டும். அதனை வீட்டுப் பாடமாகக் கொடுத்தல் கூடாது. கொடுத்தால் கைப்பேசி உள்ள பிள்ளை முன்னேறும். கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை “எழுதவில்லை” என்ற பெயரெடுக்கும். தான் செய்யாத குற்றத்திற்கு அக்குழந்தை தலைகுனிய நேரலாகாது. பிள்ளைக்காகக் கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கும் நிலைக்கு எந்தப் பெற்றோரையும் தள்ளவும் கூடாது.

ஐந்து குழந்தைகளுக்கு ஒரு கணினி இருந்தாலே இம்முறை நடைபெறும். ஒருவர் தட்டெழுத, ஒருவர் நோட்டுப் புத்தகத்திலிருந்து படிக்க, ஒருவர் சரிபார்க்க, மற்றிருவர் அடுத்த பகுதியை ஆயத்தம் செய்ய, வாரந்தோறும் வேலை முறை மாறிவர வேண்டும். பெண் குழந்தைகள் எப்போதும் நோட்டுப் படிப்பவர்களாகவும் ஆண் பிள்ளைகள் எப்போதும் தட்டெழுதுபவர்களாகவும் அமைந்துவிடாமல் ஆசிரியர் கவனித்தல் அவசியம். குழுவுக்கு ஒரு கணக்கென்று அமைத்து, தட்டெழுதியவர் பெயரை அந்தந்த வரியின் ஓரத்தில் குறிக்கச் செய்தால், ஒரே பிள்ளை முழு வேலையையும் செய்ததா, ஐவரும் பங்குகொண்டனரா என்பது தெரிந்துவிடும்.

கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள்

முதலாவது, சாவியின் ஒழுங்கு. பொதுக் கோப்பைத் திறப்பதற்கு மூன்று வகை அனுமதி உண்டு: பார்க்க மட்டும், கருத்துக் கூற மட்டும், திருத்தி எழுத. மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் திருத்தும் உரிமை. அடுத்த வகுப்பாருக்குக் கருத்துக் கூறும் உரிமை. பெற்றோர்க்கும் ஊர் மக்களுக்கும் பார்க்கும் உரிமை என்று வைத்துக்கொள்வது நலம். “இணைப்பு பெற்ற எவரும் திருத்தலாம்” என்று விட்டு, அவ்விணைப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது களஞ்சியத்தின் சாவியைத் தேர்முட்டியில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, உரிமையின் ஒழுங்கு. ஆசிரியர் தம் சொந்தக் கணக்கில் கோப்புகளைத் தொடங்கிவிட்டு மாறுதல் பெற்றுச் சென்றால், மூன்று ஆண்டு உழைப்பும் அவருடனேயே போய்விடும். எனவே கணக்கு பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். 13 வயது நிரம்பாத குழந்தை கூகுளில் தானாகவே கணக்குத் தொடங்குவதற்கும் இடமில்லை. ஆதலால் நடுநிலைப் பள்ளிக்குப் பள்ளிக் கணக்கே ஏற்றது. கடவுச்சொல் தலைமை ஆசிரியரின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். பள்ளிச் சாமான் பதிவேட்டில் மேசை நாற்காலிகளை எழுதுவதுபோல இக்கோப்புகளின் பெயர்களையும் எழுதி, மாறுதலின்போது முறையாக ஒப்படைக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு படியைப் பென்டிரைவில் எடுத்துப் பீரோவில் வைப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவது, மறைவின் ஒழுங்கு. குழந்தைகளின் ஆதார் எண், சாதி, வீட்டு முகவரி, தொலைபேசி எண், நோய் விவரம், புகைப்படம் ஆகியவற்றைப் பொதுக் கோப்பில் ஏற்றுதல் கூடாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களைப் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. உதவித்தொகைப் பட்டியலை எல்லோரும் காணும் இணைப்பில் வைப்பது ஒரு குழந்தையின் வறுமையைத் தெருவில் ஒட்டுவதாகும்.

நான்காவது, நேர்மையின் ஒழுங்கு. இதனை உறுப்பினர்களாகிய உங்களை நோக்கியே கூறுகின்றோம். குழந்தைகள் எழுதும் அளவுகள் எல்லோருக்கும் இனிக்குமென்று கூற இயலாது. ஆழ்துளைக் கிணறு அமைத்துள்ள பெரிய பண்ணையின் அருகில் மற்றவர் கிணறு இறங்குகிறது என்று அட்டவணை காட்டலாம். உறுப்பினர் ஒருவரின் தெருவில் குடிநீர் மிகுதியாகவும், மற்றொரு தெருவில் குறைவாகவும் வருவது தெரியலாம். அப்போது ஆசிரியரை அழைத்து, “அந்த வரியை எடுத்துவிடுங்கள்” என்று கூறும் ஆசை எழக்கூடும். அவ்வாறு செய்யலாகாது. அளவு தவறென்று தோன்றினால், மறு நாள் அனைவர் முன்னிலையிலும் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளந்ததை அஞ்சி அழிக்கும் பழக்கத்தை ஒருமுறை குழந்தை கற்றுவிட்டால், அதன் பின் அதற்கு நாம் போதிக்கும் அறிவியலால் பயனில்லை. பெரியவர் சொல்லி எடுத்த வரியும் கோப்பின் மாற்றப் பதிவில் இருந்துகொண்டே இருக்கும் என்பதையும் நினைவிற்கொள்க.

ஊராட்சி செய்யத்தக்கவை

இவற்றுக்கெல்லாம் பெருந்தொகை வேண்டும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் பின்னர் நடுநிலைப் பள்ளிகளிலும் அரசு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களை அமைத்து வந்துள்ளது. கருவி வந்த பின் அதனைக் காப்பதில்தான் ஊராரின் கை வேண்டியிருக்கிறது.

கணினி அறையின் கூரை மழைக்காலத்திற்கு முன் ஒழுக்கின்றிச் செப்பனிடப்பட வேண்டும். கதவுக்கு நல்ல பூட்டும் சன்னலுக்குக் கம்பியும் வேண்டும். மின் இணைப்புக்குத் தரை இணைப்பு சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டும். இடி மின்னல் வேளையில் மின் செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றி வைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஊராட்சிக்குக் கண்ணாடியிழைக் கம்பி வந்திருக்குமானால், குடிநீர்க் குழாய்க்கோ சாலைக்கோ பொக்லைன் கொண்டு தோண்டுமுன் அக்கம்பி செல்லும் வழியைக் கேட்டறிந்து தோண்டுங்கள். ஒரு வெட்டில் அறுந்த கம்பி ஒட்டப்படும்வரை பள்ளியின் இணைப்பும் இராது.

பள்ளி மேலாண்மைக் குழுவை நன்கு பயன்படுத்துங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள், ஊராட்சியின் பிரதிநிதியும் அதில் உண்டு. அக்கூட்டத்தில் ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்ற மாதம் எத்தனை வகுப்புகள் கணினி அறைக்குச் சென்றன? எந்தக் குழந்தையேனும் விடுபட்டதா? கோப்பின் படி எடுத்து வைக்கப்பட்டதா? குற்றம் காணும் குரலில் கேளாமல், உதவ வந்தவர்களின் குரலில் கேளுங்கள். இரண்டு ஆசிரியர்களே உள்ள பள்ளியில் அவர்கள் சுமை பெரிது. அண்டைப் பள்ளி ஆசிரியர்களுடன் பாடக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் பொதுக் கோப்பில் பகிர்ந்துகொண்டால் அச்சுமையும் ஓரளவு குறையும்.

ஊரில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களும் பெண்களும் இருக்கின்றனர். அவர்களுள் கணினி அறிந்த ஒருவர், தலைமை ஆசிரியரின் இசைவுடன், வாரம் இரு மாலைகள் பள்ளியில் அமர்ந்து ஆசிரியர் முன்னிலையில் குழந்தைகளுக்குத் தமிழ்த் தட்டெழுத்தைப் பழக்கலாம். 1958-இல் நம் முன்னோர் மூங்கிலும் ஓலையும் தந்தனர். இன்று நாம் தரவேண்டியது நேரமும் காவலும் கண்காணிப்புமாகும்.

முடிவுரை

அன்பர்களே! பலர் கூடி ஒன்றைச் செய்வது கிராமத்திற்குப் புதிதன்று. ஏரிக் கரையை உயர்த்தியதும், வாய்க்காலைத் தூர் எடுத்ததும், முறை வைத்து நீர் பாய்ச்சியதும் கூட்டுறவினால்தான். தன் முறை வரும்வரை காத்திருத்தல், பிறர் பங்கைத் தொடாதிருத்தல், கடைமடைக்கும் நீர் போய்ச் சேருமாறு பார்த்தல் ஆகிய நற்பண்புகளை வாய்க்கால் நமக்குக் கற்பித்தது. அதே பண்புகளைப் பொதுக் கோப்பு நம் குழந்தைகளுக்குக் கற்பிக்க வல்லது.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்த்தே பாசனம் சிறப்புற்றதாகக் கூறுவோம். அவ்வாறே, நம் ஊரில் மிக எளிய வீட்டுக் குழந்தையின் பெயரும் அப்பொதுக் கோப்பில் எழுதியவர் வரிசையில் காணப்படுகிறதா என்று பார்த்து, இம்முயற்சியின் வெற்றியை அளவிடுங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குத் தவறாது செல்லுங்கள். கணினி அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வேண்டிய உதவியைத் தீர்மானமாக எழுதி எமது அலுவலகத்திற்கு அனுப்புங்கள். எம்மால் இயன்ற அனைத்தையும் காலந் தாழ்த்தாது செய்வோம் என்று உறுதி கூறி விடைபெறுகின்றோம்.